ஓட்டைப் பாறைக்குத் தூங்கப் போன அப்பா

அந்த வீட்டு அழைப்புமணிக்கு வாய் கிடையாது. ரொட்டிக்காரரின் மனைவி அந்த வீட்டுக்குக் குடிவந்த மறுவாரமே ஸ்டூல் போட்டு ஏறி அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். தெரிந்தவர்கள் கதவை நகத்தால் சுரண்டுவார்கள். தெரியாதவர்கள் மணியை அழுத்திப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை போலிருக்கிறது என்று போய்விடுவார்கள். பார்சல் கொண்டுவருகிற பையன் மாடி ஏறவே மாட்டான், கீழே சலவைக்கடையில் கொடுத்துவிட்டுப் போவான். குக்கர் பகலில் அடுப்பேறாது. அலமாரிக் கதவின் விளிம்பில் பழைய சாக்ஸை வெட்டி ஒட்டியிருக்கும். டிவியில் பொம்மைப் படம் ஓடும், ஆனால் சத்தம் பூஜ்யத்தில் இருக்கும். யார் என்ன பேசுகிறார்கள் என்பதை ஆறு வயது மகள் தம்பியின் காதில் தானே இட்டுக்கட்டிச் சொல்லுவாள். அந்த வீட்டில் கரடியும் முயலும் பேசிக்கொண்டதை எல்லாம் படம் எடுத்தவர்கள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

இத்தனை ஏற்பாடும் எதற்கென்றால், உள்ளறையில் அப்பா தூங்குகிறார்.

ரொட்டிக்காரர் ஊர் உறங்கும்போது வேலைக்குப் போய், ஊர் பல் விளக்கும்போது வீடு திரும்புகிறவர். ஆள் நல்ல ஆகிருதி. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் சூடான தட்டு பட்ட தழும்புகள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். இந்த ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி, ஒரு போர்வை, அவ்வளவுதான். முதலில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். ரொட்டிக்கடையில் இரவு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "ரெண்டு மாசம் பார்ப்போம், பிடிக்கலைன்னா விட்டுடலாம்" என்று போனார். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. நடுவில் கல்யாணம் ஆகி, பெண் பிறந்து, பையன் பிறந்து, தலையில் முன்பக்கம் காலியாகி, எல்லாம் ஆகிவிட்டது.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கவலைப்படுவதில் அதைவிடக் கெட்டிக்காரர். அவசரம் என்றால் ஓடிவர இந்த ஊரில் அண்ணன் கிடையாது, சித்தி கிடையாது, மச்சான் கிடையாது. ராத்திரி மாவு பிசைகிற இயந்திரம் சுழலும்போது, வீட்டில் மூன்று பேரும் தனியாக இருக்கிறார்களே, கேஸை மூடினார்களா, கதவைத் தாழ் போட்டார்களா என்று மனசும் கூடவே சுழலும். பகலில் படுத்தால் தூக்கம் அடித்துப் போட்டதுபோல வரும். அப்படி வராவிட்டால் அன்றைய இரவு சூட்டடுப்பு முன்னால் கண் சொருகும். ஒரு தடவை சொருகியும் இருக்கிறது. அன்று கையில் விழுந்த கோட்டைப் பார்த்த பிறகுதான் மனைவி வீட்டை முழுக்க ஊமையாக்கினாள். யாரையும் அடித்தோ மிரட்டியோ இல்லை. உதட்டில் ஒரு விரல், அவ்வளவுதான். மகள் அந்த விரலை மூன்று வயதிலேயே கற்றுக்கொண்டு, இப்போது அம்மாவையே அடக்குகிற அளவுக்கு வந்துவிட்டாள். அதனால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் 'வார்டன்'. மூன்றரை வயதுத் தம்பி, சுவரோரமாகவே ஓசையில்லாமல் ஓடுகிறவன், 'சுண்டெலி'.

இப்படியே போயிருக்கும். ஒரு சாயங்காலம் நடந்த சின்ன விஷயம்தான் கெடுத்தது.

ரொட்டிக்காரர் எழுந்து முகம் கழுவி, சமையலறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை போதவில்லை. எடுக்கலாம் என்று திரும்பினால், முதுகுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் சுண்டெலி நின்றுகொண்டிருந்தான். வாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவும் திறந்திருந்தது. கண்ணிலும் மூக்கிலும் கொட்டிக்கொண்டிருந்தது. மேஜை இழுப்பறையில் விரல் நசுங்கியிருந்தது. தொண்டையிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை.

மனைவி ஓடிவந்து விரலை எடுத்து வாயருகே வைத்து ஊதினாள். "எவ்வளவு நேரமாடா நிக்கறே?"

"ஏன் இவன் சத்தமே போடலை?" என்றார் ரொட்டிக்காரர்.

"அவன் எப்பவும் அப்படித்தாங்க அழுவான்" என்றாள் அவள், பையனின் செருப்பு அளவைச் சொல்வதுபோல.

டீ ஆறிப்போனது. அன்றைக்கு வேலையில், உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் மாவை மூன்று தடவை நாக்கில் வைத்துப் பார்த்தார். கூட வேலை செய்கிற அடுப்புக்காரருக்கு அது போதும், விஷயத்தைக் கறந்துவிட்டார்.

"பசங்க கத்தணும், அவ்வளவுதானே? ஓட்டைப் பாறைக்குக் கூட்டிட்டுப் போங்க. என் பசங்க மூணும் அங்க போய்க் கத்தினதுல மலையே ஒரு அடி தள்ளிப் போயிடுச்சு."

"சின்னவன் நடப்பானா?"

"எங்க மாமியாரே நடந்து போயிட்டு வந்தாங்க. வீட்டுச் செருப்போட. போற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே போனாங்க, அப்பவும் மூச்சு வாங்கலை."

அப்படித்தான் அந்த விடுமுறை நாள் முடிவானது. மனைவிக்கு அன்று லீவு கிடையாது. அவள் துணி ஆல்டர் செய்கிற கடையில் தைக்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், ஊர்ப் பிள்ளைகளின் சீருடை எல்லாம் நீளம் குறைக்கவும் இடுப்புப் பிடிக்கவும் வந்து குவிந்து கிடந்தது. ஆகவே அப்பாவும் பிள்ளைகளும் மட்டும். பிள்ளைகளோடு அவர் தனியாக வெளியே போவது இதுதான் முதல் தடவை என்பதை அவரும் சொல்லவில்லை, மனைவியும் சொல்லவில்லை.

காலையில் வேலை முடிந்து வந்தவர் படுக்காமலேயே மூட்டை கட்ட ஆரம்பித்தார். தண்ணீர், வாழைப்பழம், அன்று சுட்ட பன், மாற்றுக் கால்சட்டை இரண்டு, பஞ்சு, களிம்பு, குடை, டார்ச் லைட்.

"பட்டப்பகல்ல டார்ச் எதுக்கு?" என்றாள் மனைவி.

"பாறையில ஓட்டை இருக்குன்னு சொன்னாங்க. இருட்டா இருந்துச்சுன்னா?"

"சட்டி பானையும் எடுத்துக்கோங்க, அங்கேயே குடித்தனம் பண்ணிடலாம். ஏங்க, தூங்காம எப்படிங்க போவீங்க?"

"ஒருநாள் தூங்கலைன்னா செத்தா போயிடுவேன்?"

"நீங்க எங்க சாகப் போறீங்க. பசங்களைத் தொலைச்சிட்டு வந்து நிப்பீங்க."

"வாயைக் கழுவு" என்றார் ரொட்டிக்காரர். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. குனிந்து இரண்டு பேருக்கும் ஷூ மாட்டி, மாவு மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டார். பிள்ளை விழலாம், ஷூ கழன்று விழாது.

பஸ் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டது. மலை என்றால் பெரிய மலை இல்லை. சரளை போட்ட பாதை, ஏற்றம் வருகிற இடங்களில் மரக்கட்டைகளைப் பதித்துப் படி செய்திருந்தார்கள். முகப்பில் ஒரு பலகை. ரொட்டிக்காரருக்கு இந்த ஊர் மொழி பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். வார்டன் படித்துச் சொன்னாள்.

"எல்லாரும் நடக்கலாமாம்ப்பா. குழந்தைகளைக் கவனமாப் பார்த்துக்கணுமாம். 'கவனமா'ங்கிறதை மட்டும் சிவப்புல போட்டிருக்காங்க."

"நிஜமாவே போட்டிருக்கா, இல்ல அம்மா சொல்லி அனுப்பினாளா?"

அவள் சிரிக்கவில்லை. அப்பா பகலில் நின்றுகொண்டு பேசுவதே அவளுக்குக் கொஞ்சம் புதிது.

நடை என்று சொல்லக்கூடாது அதை. சுண்டெலி ஒவ்வொரு கல்லையும் விசாரித்தான். ஒரு எறும்பு எதையோ இழுத்துக்கொண்டு போனது, அது வீடு போய்ச் சேரும்வரை எல்லோரும் நின்றார்கள். ஒரு குச்சி கிடைத்தது. அதைவிட நல்ல குச்சி கிடைத்தது. முதல் குச்சி கோபித்துக்கொள்ளும் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டான், மூன்றாவது குச்சி வந்ததும் முதல் இரண்டும் அப்பாவின் கைக்கு மாறின. பின்னால் வந்தவர்கள் எல்லாம் இவர்களைத் தாண்டிப் போனார்கள். ரொட்டிக்காரருக்கு அவசரம் இல்லை. நெற்றியில் வெயில் பட்டுக் கண்களுக்குப் பின்னால் மணல் கொட்டியதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு வளைவில் ஆள் யாரும் இல்லை. அவர் நின்றார்.

"இங்க யாரும் தூங்கலை. நல்லாக் கத்துங்க பார்க்கலாம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னன்னு கத்தணும்?" என்றாள் வார்டன்.

"எதுவா இருந்தா என்ன. வாயில வந்ததைக் கத்து."

வார்டன் யோசித்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. சுண்டெலி முன்வந்து, வாயை அகலத் திறந்து, "ஆ" என்றான். பல் டாக்டரிடம் காட்டுவதுபோல.

"இன்னும் சத்தமா."

"ஆஹ்." இப்போது காற்று மட்டும் கூடுதலாக வந்தது.

அந்த நேரம் பார்த்து, வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பாட்டியம்மா ஊன்றுகோலோடு வளைவில் வந்தார். "அடப் பாவமே, குழந்தைக்குத் தொண்டை கட்டிப்போச்சா? வெந்நீர் கொடுங்க" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

ரொட்டிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இங்க பாருங்க, இப்படி" என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "ஹோய்ய்ய்!" என்று ஒன்று விட்டார். மரத்திலிருந்து பறவைகள் கொத்தாகக் கிளம்பின. சுண்டெலி அவர் காலைக் கட்டிக்கொண்டான். வார்டன் எம்பி, தன் சின்னக் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"அப்பா! யாராவது எழுந்துடப் போறாங்க!"

அந்தக் கை வாழைப்பழ வாசனையாக இருந்தது. அவர் அதற்குமேல் கத்தச் சொல்லவில்லை.

ஓட்டைப் பாறை பெயருக்கேற்ற பாறைதான். மாவு உருண்டையின் நடுவில் கட்டைவிரலை விட்டு எடுத்ததுபோல, தனியாக நின்ற பெரும்பாறையின் நடுவே பிரம்மாண்டமான ஒரு ஓட்டை. ஒரு பஸ் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போகலாம். காற்று அதன் வழியாக உம்மென்று வந்துகொண்டே இருந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. ரொட்டிக்காரர் தன் கடையின் புகைபோக்கியைத் தேடினார். அந்தக் கடையை வெளிச்சத்தில் சரியாகப் பார்த்ததே இல்லை என்பதால் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நம்ம வீடு எங்கப்பா?" என்றான் சுண்டெலி.

"அதோ, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல."

"அம்மா தெரியறாங்களா?"

"தெரியறாங்களே. டேய் சுண்டெலி, ஒழுங்கா பன்னைச் சாப்பிடுன்னு சொல்றாங்க."

சுண்டெலி அவசரமாகப் பன்னைக் கடித்தான். வார்டன்கூடச் சிரித்தாள். பாறையில் சாய்ந்து மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரொட்டிக்காரருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இதைப்போய் இத்தனை வருஷம் செய்யாமல் விட்டோமே என்று நினைத்தார். முதுகுக்குப் பின்னால் பாறை, அணைத்த அடுப்பின் பக்கச் சுவர்போல இதமாகச் சுட்டது. கண்ணை ஒரே ஒரு நிமிஷம் மூடித் திறந்தால் எரிச்சல் போகும். ஒரே ஒரு நிமிஷம்.

பல வருஷமாக அந்த நேரத்தில் தூங்கிப் பழகிய உடம்பு. அதற்கு மலை என்ன, மெத்தை என்ன?

அதன் பிறகு நடந்ததை அவர் பிற்பாடு வைக்கோல் தொப்பிப் பாட்டியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டார். அப்பாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் வார்டன் எழுந்துவிட்டாளாம். தம்பியின் கையிலிருந்து குச்சிகளை வாங்கி ஓசைப்படாமல் கீழே வைத்தாளாம். பிறகு பாதை வந்து முடிகிற இடத்தில் போய் நின்று, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் உதட்டில் விரலை வைத்து, "எங்க அப்பா தூங்குறாரு. ராத்திரி எல்லாம் வேலை" என்றாளாம். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு குடும்பம் மொத்தமும் 'சிரிங்க சிரிங்க' என்று கிசுகிசுத்துக்கொண்டே படம் எடுத்தது. நாயோடு வந்தவர் நாயைத் தூக்கிக்கொண்டார், அது சின்ன நாய்கூட இல்லை. பாட்டியம்மா தன் தொப்பியைக் கழற்றி, வெயில் படாமல் இவர் முகத்தில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நிழலில் போய் உட்கார்ந்தார். உலகத்திலேயே அமைதியான சுற்றுலாத் தலமாக அன்று அந்தப் பாறை இருந்திருக்கும்.

ரொட்டிக்காரர் கண் விழித்தபோது வைக்கோல் வாசனை வந்தது. தொப்பியை எடுத்தார். பாறையின் நிழல் இடம் மாறியிருந்தது. பை இருந்தது. குச்சிகள் இருந்தன. பிள்ளைகள் இல்லை.

எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். தொப்பிப் பாட்டியம்மாவைக் காணவில்லை. அப்போதுதான் மேலே வந்து சேர்ந்த ஒரு இளம் ஜோடியிடம் ஓடினார். "ரெண்டு பசங்க... ஒரு பொண்ணு, ஒரு பையன், இவ்வளவு உயரம்..." அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 'பசங்களைத் தொலைச்சிட்டு வந்து நிப்பீங்க' என்பது மனைவியின் குரலிலேயே காதில் விழுந்தது.

கீழே பாதையில் பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"கடவுளே, நல்லவேளை" என்று அவர் அந்தச் சத்தத்தை நோக்கி ஓடினார். அவ்வளவு பெரிய உடம்பு படிக்கட்டைகளில் உருளாத குறை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன் முகம் ஒன்றும் இல்லை. அதில் ஒரு பொடியன் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, காது கிழிகிற மாதிரி "அம்மாஆஆ" என்று வீறிட்டான். எங்கேயோ இருந்த அம்மா அடுத்த நொடி அங்கே இருந்தாள்.

ரொட்டிக்காரர் அந்த இடத்திலேயே நின்றார். பிள்ளைச் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறோமே, நம் பிள்ளைகள் எங்கே சத்தம் போடப் போகிறார்கள்? விழுந்தாலும் போட மாட்டார்கள். பள்ளத்தில் கிடந்தாலும் போட மாட்டார்கள். அதுவும் அப்பா தூங்குகிறார் என்றால் நிச்சயமாகப் போட மாட்டார்கள்.

வந்த வழியே திரும்பி ஏறினார். மூச்சு நெஞ்சில் இடித்தது. "பாப்பா! டேய் சுண்டெலி!" என்று கூப்பிட்டார். ஓட்டைக் காற்று அவர் குரலையே தின்றுவிட்டது. எனவே கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணால் தேடினார். ஓட்டைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் இறங்கி, பாறையின் முதுகுப் பக்கம் சுற்றி வந்தார்.

அங்கே இருந்தார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்து. சுண்டெலி உள்ளே நின்றுகொண்டிருந்தான், வலது கால் கீழே ஒரு வெடிப்பில் ஷூவோடு மாட்டியிருந்தது. வார்டன் பின்னாலிருந்து அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் விரல் நுனிகள் சிவந்திருந்தன. அவன் வாய் எவ்வளவு திறக்குமோ அவ்வளவும் திறந்திருந்தது. ஓசை இல்லை.

ரொட்டிக்காரர் மண்டியிட்டார். ஷூ அசையவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அவர் போட்ட மூட்டை முடிச்சு அவருக்கே அசையவில்லை. இந்த முடிச்சோடுதான் மகள் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டியிருக்கிறாள். தலையைச் சந்துக்குள் விட்டு, பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு விட்டது. நாடாவைத் தளர்த்தியதும் கால் தனியாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கணுக்காலில் சிவப்பாக ஒரு வளையம், வேறொன்றும் இல்லை. பையனை மார்போடு அள்ளிக்கொண்டார். சின்ன நெஞ்சு புறாபோல அடித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி நிக்கறீங்க?"

வார்டன் தரையைக் காட்டினாள். "இவன் குச்சி தேடிக்கிட்டு உள்ள போனான். நிழல் அங்க இருந்தப்போலேர்ந்து."

நிழல் அங்கிருந்து நல்ல தூரம் வந்திருந்தது.

"ஏம்மா என்னைக் கூப்பிடலை?"

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இதென்ன கேள்வி என்பதுபோல. "நீங்க தூங்கிட்டிருந்தீங்களே."

"தூங்கினா என்ன? எழுப்ப வேண்டியதுதானே?"

"எப்படி எழுப்புறது?" என்றாள் வார்டன். அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. "நான் எழுப்பினதே இல்லையே."

ரொட்டிக்காரர் பையனின் முகத்தைத் தன் சட்டையால் துடைத்தார். மாட்டியிருந்த ஷூவைக் குச்சியால் நெம்பி எடுத்தார். பிறகு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பாறைக்கு முன்பக்கம் வந்தார். பை இருந்த இடத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தார்.

"நான் இப்ப தூங்குறேன். எழுப்புங்க."

"பொய்த் தூக்கமா?" என்றான் சுண்டெலி.

"பொய்தான். ஆனா நிஜம் மாதிரி எழுப்பணும்." கண்ணை மூடிக் குறட்டை விட ஆரம்பித்தார்.

முதலில் காதோரம் காற்று பட்டது. சுண்டெலி ஊதிப் பார்க்கிறான். பிறகு முழங்கையில் ஒரு விரல் நுனி, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டு ஓடியது. "அப்பா, எந்திரிங்களேன்" என்று வார்டன் கிசுகிசுத்தாள்.

"கேட்கலை" என்றார் ரொட்டிக்காரர் குறட்டைக்கு நடுவில்.

"தூங்கறவங்க பேசக்கூடாது" என்றான் சுண்டெலி கண்டிப்பாக.

"சரி, மன்னிச்சுக்கோ." குறட்டை.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. "பசங்களைக் காணோம்னு கீழ வரைக்கும் தேடிட்டு வரேன். என்ன, மறுபடியும் தூங்கிட்டாரா இந்த மனுஷன்?"

"இல்ல. நாங்க எழுப்பிப் பழகுறோம்" என்றாள் வார்டன்.

"அதுக்கெல்லாமா பழகணும்? என் வீட்டுக்காரரை நான் காலால உதைச்சுத்தான் எழுப்புவேன்."

சுண்டெலிக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. உதைக்கவில்லை. அப்பாவின் வயிற்றின்மேல் ஏறி, குதிரைமேல் உட்காருவதுபோல உட்கார்ந்தான். மீசையை இரண்டு பக்கமும் பிடித்தான். ஒரு மூச்சு இழுத்தான்.

"அப்பாஆஆஆ! எந்திரி!"

தூரத்தில் நாய் குரைத்தது. பாட்டியம்மா காதைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு சத்தம் அந்தச் சின்னத் தொண்டைக்குள் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை, தன் குரலைக் கேட்டுத் தானே திகைத்து, பிறகு அது பிடித்துப்போய், இன்னொரு தரம் கத்தினான். ரொட்டிக்காரர் அலறி அடித்து எழுவதுபோல எழுந்தார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. மீசையை இழுத்ததால் என்று பாட்டியம்மாவிடம் சொன்னார்.

"அக்காவும் எழுப்பட்டும்" என்று மறுபடி படுத்தார்.

வார்டனுக்கு வரவில்லை. அவள் தம்பியைவிட அதிக வருஷம் அந்த வீட்டில் வாய் மூடி இருந்தவள். வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். நல்ல உலுக்குத்தான். அவர் எழுந்துகொண்டார். "அது போதும்மா. அதுவே போதும்" என்றார். போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மனைவியிடம் அன்று சாயங்காலமே ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பையனின் கணுக்காலைத் தடவிக்கொண்டே, "நான்தானேங்க அந்த விரலை வெச்சுக் காட்டினேன்" என்றாள்.

"என் கை வெந்துடக் கூடாதுன்னுதானே வெச்ச" என்றார் அவர். "தப்பு யார்மேலயும் இல்ல. ஆனா இனிமே எழுப்பலாம்னு சொல்லிடு. நீ சொன்னாத்தான் கேட்பாங்க."

அவள் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் ரொட்டிக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சுண்டெலிக்குப் புதிதாகக் கிடைத்த உரிமை. எதிர்வீட்டு மாடியில் பூனை வந்தால் எழுப்பினான். பூனை போய்விட்டது என்று சொல்வதற்கு எழுப்பினான். 'அப்பா, நீ தூங்குறியா?' என்று கேட்பதற்காகவே ஒருநாள் எழுப்பினான். மனைவி தலையிட்டு, ரத்தம் வந்தால், யாராவது விழுந்தால், ரொம்ப ரொம்ப முக்கியமான சமாச்சாரம் இருந்தால் மட்டும் என்று சட்டம் போட்டாள். பூனை முக்கியமா இல்லையா என்பதில் வழக்கு இன்னும் நடக்கிறது. வேலையில் அடுப்புக்காரர், "என்ன, கண்ணு ரெண்டும் பொரிச்ச மாதிரி இருக்கு?" என்று கேலி செய்தார். ரொட்டிக்காரர் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று வேலை செய்தார். ஆனால் வார்டன் மட்டும் வரவில்லை. தம்பி உள்ளே ஓடும்போது வாசலிலேயே நின்று, உதட்டுக்குப் போன விரலை யோசித்துக் கீழே இறக்குவாள். அதற்குமேல் ஒரு அடி வைக்க மாட்டாள். படுக்கையிலிருந்து அவர் அதை அரைக்கண்ணால் பார்ப்பார். வா என்று சொல்லலாம். சொல்லி வந்தால் அது வேறு.

மழை பெய்த ஒரு மதியம். மனைவி கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். ரொட்டிக்காரர் அடி ஆழத்தில் இருந்தார். அறைக் கதவு சுவரில் மோதிய சத்தத்தில் பாதி விழித்தார்.

"அப்பா! அப்பா!! எந்திரிங்க! பல்லு விழுந்துடுச்சு!"

வார்டன்தான். வாயோரம் ரத்தம், முன்பல் இருந்த இடத்தில் ஜன்னல், முகமெல்லாம் பல் போன சந்தோஷம். அந்தக் கத்தலுக்குக் கீழே சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர் வெளியே வந்து மாடியைப் பார்த்தாராம். கத்திய வேகத்தில் கையை வீசியதில், உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த பல் எங்கேயோ தெறித்துவிட்டது.

மனைவி பால் வாங்கிக்கொண்டு வந்தபோது அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ரொட்டிக்காரரின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவற்றின்மேல் சுண்டெலி உட்கார்ந்திருந்தான். வார்டன் தரையில் குப்புறப் படுத்து, "இன்னும் அந்தப் பக்கம், இல்லப்பா, அந்தப் பக்கம்!" என்று உச்சஸ்தாயியில் அதட்டிக்கொண்டிருந்தாள்.

"தூங்கலையா நீங்க?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் சும்மா இரு" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "பல்லைத் தேடிட்டிருக்கோம்."